பின்னுதைப்பைப் பணிகொண்ட துப்பாக்கி



ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படியாதவர் உங்களுள் ஒருவரும் இரார். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக என்று வினாத்தாளில் கேட்டால், உங்களுள் பெரும்பாலோர், 'துப்பாக்கி சுடும்போது அது சுடுபவரின் தோளைப் பின்னோக்கி உதைக்கிறது' என்று எழுதிவிடுவீர்கள். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இந்த விடைக்கு எத்தனையோ முறை முழு மதிப்பெண் இட்டிருக்கிறேன். ஆனால், 'ஐயா, அந்த உதைப்பு வீணாகத்தானே போகிறது? அதைக்கொண்டு ஏதேனும் வேலை வாங்க முடியாதா?' என்று மேற்கொண்டு கேட்ட மாணவர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையை எஃகில் அமைத்துக் காட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரௌனிங். அவர் அமைத்த கருவி, 'ஆட்டோ-5' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற, வேட்டைக்குரிய அரைத் தானியங்கித் துப்பாக்கி.

துப்பாக்கி என்றவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்கும் நியாயம் உண்டு. அந்த நியாயத்தைப் பேச்சின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்வேன். முதலில் கருவியின் இனத்தைத் தெரிந்துகொள்வோம்.

போர்வீரர் ஏந்தும் ரைபிள், ஒரு வெடிக்கு ஒரே குண்டை எறிவது. அதன் குழலின் உட்புறத்தில் திருகுச் சுற்றாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பறவை வேட்டைக்குரிய துப்பாக்கியோ வேறு வகை. அதன் குழல் உள்ளே வழவழப்பானது. ஒரு தோட்டாவினுள் கடுகு போலவும் மிளகு போலவும் சிறு ரவைகள் நிறைந்திருக்கும். வெடித்தவுடன் அவை கூட்டமாகப் பரவிச் செல்லும். ஆதலால் இதனை ரவைத் துப்பாக்கி என்கிறோம். '12 போர்' என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். குழலின் விட்டத்துக்குச் சரியாக வார்த்த ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு ராத்தல் எடை இருந்தால், அது 12 போர். அதன் விட்டம் ஏறத்தாழ 18½ மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். 16 போர் இதனினும் சிறியது, 20 போர் அதனினும் சிறியது.

இனி உதைப்பின் கணக்கைப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு தோட்டாவில் 32 கிராம் ரவை இருப்பதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. துப்பாக்கியின் எடை 3,600 கிராம். ரவையின் எடையையும் வேகத்தையும் பெருக்கித் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகிறது என்று கிடைக்கும். வெடிமருந்துப் புகையும் தக்கையும் கொடுக்கும் உதைப்பை இங்கே நான் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும்.

அடுத்து ஆற்றலைக் கணக்கிடுங்கள். ரவையின் ஆற்றல் ஏறத்தாழ 2,070 ஜூல். துப்பாக்கியின் ஆற்றலோ சுமார் 18 ஜூல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! ஒரு கிலோகிராம் கல்லைச் சுமார் 1.8 மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல்தான் அது. குழலும் அதனைச் சார்ந்த சில உறுப்புகளும் மட்டும் தனியே பின்வாங்கும்படி அமைத்தால், எடை குறைவாதலால் அவற்றின் வேகமும் ஆற்றலும் இதனினும் கூடும். ஆயினும் ரவை கொண்டுசெல்லும் ஆற்றலை நோக்க, அதுவும் சிறு கூறே. தோளில் வலியாகக் கழிந்துவந்த இந்தச் சிறு கூற்றைத்தான் பிரௌனிங் வேலைக்கு அமர்த்தினார்.

அதற்கு என்ன வேலை இருந்தது? ஒரு முறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்கு முன், செய்யவேண்டியவை பல. குழலின் பின்வாயைத் திறக்கவேண்டும். வெடித்துப்போன வெற்றுத் தோட்டாவை இழுத்து வெளியே எறியவேண்டும். சுத்தியலைப் பின்னுக்கு மடக்கி நிறுத்தவேண்டும். புதுத் தோட்டாவை உள்ளே செலுத்தவேண்டும். பின்வாயை மூடிப் பூட்டவேண்டும். பழைய துப்பாக்கிகளில் இவை அனைத்தையும் கையே செய்தது. பிரௌனிங் தாமே வின்செஸ்டர் கம்பெனிக்காக 1887-ல் நெம்புகோலை இழுத்து இயக்கும் ரவைத் துப்பாக்கியையும், 1893-லும் 1897-லும் குழலடிப் பிடியை முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் துப்பாக்கிகளையும் அமைத்துக் கொடுத்திருந்தார். அவற்றில் வேலை விரைவாக நடந்தது. ஆயினும் வேலையாள் கைதான். கையின் இடத்தில் உதைப்பை வைப்பதே அடுத்த படி. குதிரையை ஒரு முறை இழுத்தால் ஒரே வெடி; மற்ற வேலைகளைக் கருவியே முடித்துக்கொள்ளும். மறுவெடிக்கு மறுபடியும் குதிரையை இழுக்கவேண்டும். ஆதலால் இதனை 'அரைத் தானியங்கி' என்பர். இழுத்த குதிரையை விடாதிருக்கும் வரையில் சுட்டுக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி.

பிரௌனிங் 1855-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா நிலப்பகுதியிலுள்ள ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் துப்பாக்கி செய்யும் தொழிலாளர். கல்லூரிப் படிப்பு இல்லை. தந்தையின் பட்டறையே மகனுக்குப் பள்ளியாயிற்று. 1889-ல் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை அவர் வரலாற்றில் குறிப்பிடுவார்கள். ஒருவர் சுடும்போது குழல்வாய்க்கு முன்னிருந்த புற்கள் வெடிக்காற்றால் சாய்ந்ததை அவர் கண்டார். பிறரும் கண்ட காட்சிதான். ஆனால், இவ்வளவு விசை புல்லைச் சாய்ப்பதிலேயே வீணாகிறதே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவ்வெண்ணத்தின் வழியே வெடிவாயுவால் இயங்கும் யந்திரத் துப்பாக்கியை அவர் உருவாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1884-ஆம் ஆண்டளவில், ஹைரம் மாக்ஸிம் என்பவர் பின்னுதைப்பினால் இயங்கும் யந்திரத் துப்பாக்கியைச் செய்துகாட்டியிருந்தார். ஆகவே தத்துவம் புதிதன்று. அதனை ஒருவர் தோளில் சுமந்து செல்லத்தக்க ரவைத் துப்பாக்கியில் நம்பத்தக்கதாக அமைப்பதே இடர்ப்பாடு.

இடர்ப்பாடுகள் யாவை? ரவைத் தோட்டா நீளமானது. 7 சென்டிமீட்டர் அளவுள்ளது. அதனை வெளியேற்றுவதற்கு அந்த நீளத்துக்கும் மேற்பட்ட இடைவெளி பின்னால் திறந்தாக வேண்டும். அக்காலத்துத் தோட்டாவின் உடல் காகிதத்தால் ஆனது; ஈரம்பட்டால் ஊதிச் சிக்கிக்கொள்ளும். பழைய கருமருந்து எரிந்தபின் கசடு மிகுதியாகப் படிந்து நுண்ணிய உறுப்புகளை அடைத்துவிடும். 1884-ல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்ட பின்னரே இவ்விடர் தீர வழி பிறந்தது. எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு மற்றொன்று. காடைக்கு ஒரு தோட்டா, வாத்துக்கு ஒரு தோட்டா என்று வேட்டைக்காரர் பலவகைத் தோட்டாக்களை ஒரே துப்பாக்கியில் இடுவர். ஒன்று மெல்ல உதைக்கும். மற்றொன்று பலமாக உதைக்கும். மெல்லிய உதைக்கும் இயங்கவேண்டும். பலத்த உதைக்கு உடையாமலும் இருக்கவேண்டும்.

பிரௌனிங் கண்ட வழியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை ஒன்று உண்டு. அதனை 'அடைப்பான்' என்று சொல்லிக்கொள்வோம். அது குழலோடு பூட்டப்பட்டிருக்கும். குழலுக்கு அடியில் அதனை ஒட்டினாற்போல் ஒரு குழாய் இருக்கும். அதில் நான்கு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும். குழலில் ஒன்று, ஆக ஐந்து. 'ஆட்டோ-5' என்ற பெயருக்குக் காரணம் இதுவே. அக்குழாயைச் சுற்றி ஒரு வலிய சுருள்வில் இருக்கும். துப்பாக்கியின் பின்கட்டைக்குள் மற்றொரு சுருள்வில் இருக்கும். முன்னது குழலுக்கு; பின்னது அடைப்பானுக்கு.

வெடித்தவுடன், குழலும் அடைப்பானும் பூட்டிய நிலையிலேயே ஒன்றாகப் பின்வாங்குகின்றன. தோட்டாவின் நீளத்துக்கும் மேற்பட்ட தொலைவு அவை வருகின்றன. அதற்குள் ரவை குழலைவிட்டு வெகுதொலைவு போய்விடுகிறது; ஆகவே பின்வாயைத் திறப்பதில் ஆபத்து இல்லை. பின்வாங்கும்போதே சுத்தியல் மடங்கி நிற்கிறது. சுருள்வில் இரண்டும் சுருங்கிச் சக்தியைச் சேமித்துக்கொள்கின்றன. கடைசி எல்லையில் ஒரு தாழ்ப்பாள் அடைப்பானைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பூட்டு விடுபடுகிறது, முன்சுருள்வில் குழலை மட்டும் முன்னே தள்ளுகிறது. வெற்றுத் தோட்டாவை அடைப்பானின் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருப்பதால், குழல் அதனைவிட்டு உருவிக்கொண்டு போகிறது. போகிற போக்கில் குழலோடு இணைந்த ஒரு முனை அவ்வெற்றுத் தோட்டாவைத் தட்டி வெளியே எறிகிறது. குழல் தன் இடம் சேர்ந்ததும், குழாயிலிருந்து புதுத் தோட்டா ஒன்று விடுபட்டுப் பின்னோக்கி வருகிறது. வந்த தோட்டாவே தாழ்ப்பாளைத் தட்டி அடைப்பானை விடுவிக்கிறது! தூக்கி ஒன்று அத்தோட்டாவை உயர்த்த, அடைப்பான் அதனைக் குழலுக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வமைப்பின் அழகு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு வேலை முடிந்தது என்பதே அடுத்த வேலை தொடங்குவதற்கு அனுமதி. தோட்டா வந்து சேர்ந்தாலன்றி அடைப்பான் மூடாது. தோட்டாக்கள் தீர்ந்துபோனால் அது திறந்தபடியே நின்று, 'இனி ஒன்றுமில்லை' என்று அறிவிக்கும். வரிசை தவறாத ஒழுங்கை உறுப்புகளின் வடிவத்திலேயே எழுதிவைத்துவிட்டார் பிரௌனிங்.

மெல்லிய தோட்டாவுக்கும் பலத்த தோட்டாவுக்கும் என்ன செய்தார்? இறக்கத்தில் மாட்டுவண்டி ஓடும்போது சக்கரத்தை உரசும்படி கட்டை போடுவதைக் கண்டிருப்பீர்கள். அதே உபாயந்தான். தோட்டாக் குழாயைக் கவ்வி உரசும் வெண்கலத் துண்டு ஒன்றையும், உட்புறம் சரிவாகச் சீவப்பட்ட எஃகு வளையம் ஒன்றையும் வைத்தார். பலத்த தோட்டாவாயின், வளையத்தைச் சுருள்வில்லுக்கும் வெண்கலத் துண்டுக்கும் இடையில் இடவேண்டும். அப்போது வளையத்தின் சரிவு வெண்கலத்தை நெருக்கி உரசச் செய்து, உதைப்பின் வேகத்தை விழுங்கிவிடும். மெல்லிய தோட்டாவாயின், வளையத்தைச் சுருள்வில்லின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டால் உரசல் குறையும். பலகால உழைப்பின் சாரம் இந்தச் சிறு வளையத்தில் அடங்கியிருக்கிறது.

கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1900-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதனைத் தயாரித்து விற்பது யார் என்ற வினாவில் மற்றொரு பாடம் இருக்கிறது. 1883 முதல் வின்செஸ்டர் கம்பெனி பிரௌனிங்கின் அமைப்புகளை ஒட்டுமொத்தத் தொகை கொடுத்து வாங்கிவந்தது. எத்தனை துப்பாக்கி விற்றாலும் அமைத்தவருக்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லை. வாங்கிய அமைப்புகள் பலவற்றைக் கம்பெனி தயாரிக்கவே இல்லை. பிறர் கையில் போகாமலிருக்க வாங்கி அடுக்கியதோடு சரி. இந்தத் துப்பாக்கிக்கோ, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு ராயல்டியாக வேண்டும் என்று பிரௌனிங் கேட்டார். கம்பெனித் தலைவர் பென்னெட் இணங்கவில்லை. பத்தொன்பது ஆண்டு உறவு முறிந்தது. பிரௌனிங் ரெமிங்டன் கம்பெனியின் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைக் காணச் சென்றார். அவரைக் காணக் காத்திருந்த அன்றே, 1902-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், ஹார்ட்லி திடீரென்று காலமானார் என்று வரலாறு கூறுகிறது. பிரௌனிங் தளரவில்லை. மாதிரித் துப்பாக்கியோடு கப்பலேறி, பெல்ஜியம் நாட்டில் லியேஷ் நகரத்துக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டால் என்னும் ஊரின் 'பாப்ரிக் நாசியோனால்' ஆலையை அடைந்தார். அவருடைய கைத்துப்பாக்கியை அவர்கள் முன்னரே தயாரித்து நல்ல பயன் கண்டிருந்தார்கள். 1902 மார்ச்சு மாதத்தில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1903-ல் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. முதல் 10,000 துப்பாக்கிகளுக்குப் பிரௌனிங்கே ஆணை கொடுத்தார். இறக்குமதித் தீர்வையைத் தவிர்க்கும்பொருட்டு, 1905 முதல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி உரிமம் பெற்று அதே துப்பாக்கியைச் செய்யலாயிற்று.

இணங்காத வின்செஸ்டர் கம்பெனி என்ன செய்தது? தானும் ஒரு தானியங்கி வேண்டுமென்று, தாமஸ் ஜான்ஸன் என்னும் திறமை மிக்க பொறியறிஞரைக்கொண்டு முயன்றது. பிரௌனிங்கின் காப்புரிமையோ வேலி போட்டாற்போல் இருந்தது. அடைப்பானைப் பின்னுக்கு இழுக்கும் கைப்பிடியைக்கூட அவ்வாறே வைக்க முடியாத நிலை. ஆகவே 1911-ல் வந்த அத்துப்பாக்கியில் குழலையே கையால் பிடித்துப் பின்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டா சிக்கிக்கொண்டால், சிலர் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைக் கீழ்நோக்கி அழுத்தினார்கள். குழல்வாய் எந்தப் பக்கம் நோக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! தோட்டா வெடித்தால் உயிருக்கே கேடு. 'விதவையாக்கி' என்ற கொடிய பட்டப்பெயர் அத்துப்பாக்கிக்கு வந்தது. 1925-ல் அதன் உற்பத்தி நின்றது. பயன்படுத்துவோன் அவசரத்தில் எங்கே கைவைப்பான் என்பதையும் எண்ணி அமைப்பதே முழுமையான அமைப்பு.

இனி, முன்பு நான் ஒத்திவைத்த நியாயத்துக்கு வருகிறேன். ஐந்து வெடிகளை இமைப்பொழுதில் எழுப்பும் கருவி பறவைகளுக்கு என்ன செய்தது? அமெரிக்காவில் ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அந்தப் பழியைத் தானியங்கியின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. அது தோன்றுமுன்னரே வலைகளும், சந்தைக்காக வேட்டையாடியவர்களும், காடழிப்பும் அவ்வினத்தை முடித்துவிட்டன. ஆனால் அவ்வழிவைக் கண்டவர்களுக்கு, புதிய துப்பாக்கி பெரும் அச்சத்தைக் கொடுத்தது. பென்சில்வேனியா மாநிலம் 1907-லேயே தானியங்கியால் வேட்டையாடுவதைச் சட்டத்தால் தடுத்தது. நியூயார்க் விலங்குப் பூங்காவின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே இத்தகைய துப்பாக்கிகளுக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918-ல் நாடு முழுமைக்கும் வந்தது. 1935-ல், நீர்ப்பறவை வேட்டையில் துப்பாக்கியினுள் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருத்தலாகாது என்று விதி செய்தார்கள். அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகிவைத்தால் போதும். நான்கு கொள்ளும் குழாய் இரண்டே கொள்ளும்.

இதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகும். நாலாவது ஐந்தாவது வெடிகளுக்காக ஓர் அறிஞர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஓர் எளிய மரக்குச்சி அவற்றை அடைத்துவிட்டது. இரண்டும் மனித அறிவின் வேலைதான். முடியுமா என்று கேட்டது ஓர் அறிவு. முடிந்ததையெல்லாம் செய்யலாமா என்று கேட்டது மற்றோர் அறிவு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் வாயிலையே அடைத்துவிட்டது என்பதையும் நீங்கள் அறிந்திருக்கவேண்டும்.

பிரௌனிங் 1926 நவம்பர் 26-ஆம் நாள், தம் 71-ஆம் வயதில், அதே பெல்ஜிய ஆலையில் மாரடைப்பால் காலமானார். அவர் துப்பாக்கி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மானியர் வசப்பட்டபோது அமெரிக்காவிலும், 1970-களின் நடுவிலிருந்து ஜப்பானிலும் அது தயாராயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் உற்பத்தி நிற்கும்வரை, 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பிற்காலத்தார் வேறு வழிகளும் கண்டனர். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100, குழலின் சிறு துளைவழியே வெடிவாயுவில் ஒரு பகுதியை எடுத்து வேலை வாங்கியது, உதைப்பும் மென்மையாயிற்று. இத்தாலியின் பெனெல்லி ஆலை 1960-களின் பிற்பகுதியிலிருந்து சடத்துவத்தைப் பணிகொண்டது. நின்ற பஸ் திடீரென்று புறப்படும்போது நிற்பவர் தம் இடத்திலேயே நிற்க முயன்று பின்னே சாய்வதில்லையா? அதுபோலத் துப்பாக்கி முழுதும் பின்வாங்க, அடைப்பானின் உடல் மட்டும் தன் இடத்திலேயே நிற்க முயன்று, இடையிலுள்ள சிறு வலிய வில்லை அழுத்துகிறது. அவ்வில் விரியும்போது அடைப்பான் திறக்கிறது.

உங்களுள் சிலர் நாளைப் பொறியறிஞர் ஆவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் அவைகளில் அமர்வீர்கள். முதல்வகையினருக்கு நான் சொல்லுவது: எந்த யந்திரத்திலும் வீணாகும் சக்தி எங்கே போகிறது என்று பாருங்கள், புதுமைக்கு அங்கே இடம் இருக்கும். அமைத்த கருவிக்கு உரிய பங்கைக் கேட்பதற்கும் தயங்காதீர்கள். இரண்டாம் வகையினருக்கு: கருவி செய்தவனின் திறமையைக் குறைத்து மதிக்காமலே அதற்கு வரம்பு கட்ட முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்க ஏரிகளின்மேல் இன்றும் வாத்துக் கூட்டங்கள் பறக்கின்றன. பிரௌனிங்கின் சிறு வளையத்தையும் சட்டத்தின் மரக்குச்சியையும் ஒருங்கே கற்பதுதான் இவ்வரலாற்றை முழுதாகக் கற்பது.